அறுபத்தொரு சதவீதம்

பந்தல்காரர் கோவர்த்தனன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொண்டதுதான்.

பத்து நாளைக்கு முன்னால் மகள் கீர்த்தியிடம் அவர் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். திருப்பதிக் கல்யாண மண்டபத்தின் அலங்கார வேலை இந்த வருஷம் நமக்குக் கிடைத்தால், அவள் சித்தூரிலேயே அப்பாவோடு தொழிலில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பெங்களூரு கம்பெனியில் போய்ச் சேர வேண்டும். மறுபேச்சு பேசக் கூடாது.

இன்று சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டபத்துக் கமிட்டியார் கூடுகிறார்கள்.

பெங்களூரு நல்ல ஊர்தான். கம்பெனியும் நல்ல கம்பெனிதான். ஆனால் கீர்த்திக்குப் பிடித்தது பந்தல். வெறும் மண்டபம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குத் தோரணமும் தூணும் பூவும் வைத்து, ஆள் உள்ளே நடந்துபோய்ப் பார்ப்பதுபோலவே காட்டுவாள். அதற்கு வீட்டிலிருந்த ஒரே வசதி அண்ணன் யஸ்வந்தின் லேப்டாப். விளையாடுவதற்கென்றே வாங்கியது. கீபோர்டுக்கு அடியில் ஏழு நிறத்தில் விளக்கு எரியும்.

வீட்டில் சண்டை மூண்டதும் அந்த லேப்டாப்பால்தான். மாசி மாதம் ஒரு வரவேற்பில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய யஸ்வந்த் விளையாட்டில் மூழ்கிப்போனான். பெண்ணும் மாப்பிள்ளையும் அரை மணி நேரம் இருட்டில் நின்றார்கள். கோவர்த்தனன் நாலு பேர் முன்னால் மகனைத் திட்டித் தீர்த்தார். அவன் லேப்டாப்பைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். காலை ஆறு மணி ஷிஃப்ட். போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மதியம் இரண்டுக்கு மேல்தான் கைக்கு வரும். அப்பாவும் பிள்ளையும் பேசி மூன்று மாதம் ஆகிறது.

"அந்தப் பொட்டிய நான் கண்ணெடுத்தும் பாக்கமாட்டேன்" என்று கோவர்த்தனன் சொல்லியிருந்தார். கீர்த்தி சாயந்திரம் முழுக்க மேசையில் உட்கார்ந்து வேலை செய்தால், அவர் பின்னால் கட்டிலில் பீரோ பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அத்தனை வைராக்கியம்.

காலை ஏழே முக்காலுக்குக் கீர்த்தியின் அம்மா தாட்சாயணி ஆரம்பித்தாள்.

"கீர்த்தி, அந்தப் பொட்டிய எடுத்தாந்து சாமி முன்னால வை."

"அம்மா, கொஞ்சம் வேலை பாக்கி இருக்குது."

"வேலை எங்க ஓடிப்போவுது? மொதல்ல சாமி."

கீர்த்தி மூடிய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். தாட்சாயணிக்குத் திருப்தியில்லை.

"மூடி வெச்சா சாமிக்கு இன்னா தெரியும்? தொற. மண்டபம் ஓடிக்கினே இருக்கட்டும்."

"ஒயரு இங்க எட்டாதும்மா."

"ஒயர புடுங்கிட்டு வை. பத்து நிமிஷம்தான்."

சாமிக்கு முன்னால் பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். மூடியின் மேல் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமந்தி ஒன்றைச் செருகி, கற்பூரம் காட்டி முடிக்கும்போது எட்டரை தாண்டிவிட்டது. சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகு காலம். "வாசல தாண்டுங்க, வாசல தாண்டுங்க" என்று தாட்சாயணி இரண்டு பேரையும் விரட்டினாள். கீர்த்தி சாமி அறையிலிருந்து லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். குட்டியானை லாரியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எட்டு ஐம்பதுக்குச் சித்தூர் கட்டமஞ்சியை விட்டு வண்டி புறப்பட்டது.

தாட்சாயணி வீட்டைப் பூட்டிக்கொண்டு மாம்பழக் கூழ் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள். சீசன் நேரம், ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் வேன் நிற்காது.

காணிப்பாக்கம் கிராஸ் நெருங்கும்போது கீர்த்தி லேப்டாப்பைத் திறந்தாள். மூலையில் 61 என்று காட்டியது. பையைத் துழாவினாள். சீட்டுக்கு அடியில் பார்த்தாள். பிறகு பையை மடியில் கவிழ்த்தே பார்த்தாள்.

"நைனா, வண்டிய நிறுத்து."

"இன்னாமே?"

"சார்ஜரு மேசை மேலயே இருக்குது. அம்மா புடுங்கச் சொன்னப்ப புடுங்கினது. திரும்பிப் போலாம் நைனா."

கோவர்த்தனன் வண்டியை ஓரங்கட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஒம்போது பத்து. இப்ப வூட்டுக்குப் போயி மறுபடி கெளம்பினா நடு ராகு காலத்துல வாசல தாண்டணும். நல்ல நேரத்துல கெளம்பிட்டுத் திரும்பறதா? முடியாது."

"நேரம் இருக்குது நைனா. பன்னெண்டுக்குத்தான மீட்டிங்."

"நேரம் இருக்குது. நல்ல நேரம் இல்ல."

"அது இல்லன்னா இன்னா பண்றது?"

"திருப்பதியில வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

"இது செங்கல்லு சைசுக்கு இருக்கும் நைனா. போன் சார்ஜர்ல எல்லாம் இது ஏறாது. எந்தக் கடையில போயித் தேடுவேன்?"

"அப்ப மூடி வை. அங்க போயி தொற. அறுபத்தொண்ணு போதாதா?"

நியாயமான யோசனைதான். ஆனால் நேற்று மாலை மண்டபத்துச் செயலாளர் ஹரிபிரசாத் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மேடைக்குப் பின்னால் சிவப்புத் திரையை எடுத்துவிட்டுப் பச்சைத் திரை போட்டிருக்கிறார்களாம். கீர்த்தி வைத்திருந்ததோ மாவிலையும் தென்னோலையும். பச்சைக்கு முன்னால் பச்சை வைத்தால் பந்தல்காரன் வேலையே செய்யவில்லை என்பார்கள். எல்லாவற்றையும் மாற்ற ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அதைக் காலையில் செய்யலாம் என்றிருந்தாள். காலையில்தான் லேப்டாப் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்ததே.

அவள் கை தானாக அண்ணனின் நம்பரை அழுத்தியது. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான்.

"சொல்லு கீர்த்தி. மீட்டிங்குக்குக் கெளம்பிட்டீங்களா?"

"அண்ணா, சார்ஜர வுட்டுட்டு வந்துட்டேன். அறுபத்தொண்ணு இருக்குது. ஒன்றரை மணி நேரம் வேலை செய்யணும், அப்பறம் டிவில காட்டணும்."

"எந்த மோட்ல இருக்குது?"

"எனக்கின்னா தெரியும்? நீ வெச்சிட்டுப் போன மாதிரியேதான் இருக்குது."

"அடிப்பாவி. அப்ப பெரிய கார்டுதான் ஓடிக்கினு இருக்குது. கேளு, அதுல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்குது. ஒண்ணு கேமுக்குன்னே போட்ட பெருசு. இன்னொண்ணு ப்ராசஸர்கூடவே வர்ற சின்னது. நான் கரண்ட்ல போட்டுக்கினே ஆடுவேன், அதனால எப்பவும் பெருசுலயே வெச்சிருப்பேன். நீ சும்மா திரையப் பாத்துக்கினு இருந்தாலும் அது பேட்டரிய உறிஞ்சிடும்."

"சின்னதுக்கு எப்படி மாத்தறது?"

அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். எந்த இடத்தில் தட்ட வேண்டும், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு ஒரு தடவை ரீஸ்டார்ட். திரை நொடிக்கு நூற்று அறுபத்தைந்து தடவை மாறுகிறதாம், அதை அறுபதுக்கு இறக்கு, வெளிச்சத்தைக் குறை, அந்த ஏழு நிற விளக்கை முதலில் அணை.

"படம் மெதுவா வருமா அண்ணா?"

"கட்டை வண்டி மாதிரி வரும். ஆனா வந்து சேரும். இன்னொண்ணு கேட்டுக்கோ. டிவில மாட்டறப்ப மட்டும்..."

அத்தோடு சிக்னல் போய்விட்டது.

கோவர்த்தனன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ கேட்க வாயெடுத்தவர்போல இருந்தது. கேட்டது வேறு.

"இன்னா சொல்றான்?"

மூன்று மாதத்தில் மகனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. கீர்த்தி சொன்னாள்.

"ஹூம்! ரெண்டு இஞ்சின் வண்டி வாங்கி, கொத்தமல்லி வாங்கிவரக்கூட பெரிய இஞ்சின்லயே போனானாக்கும்" என்றார் அவர். வண்டியைக் கிளப்பினார்.

லேப்டாப் அணைந்து மறுபடி எழுந்தது. அதுவரை உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்த விசிறி நின்றுவிட்டது.

"இன்னாமே, செத்துப்போச்சா?"

"இல்ல நைனா. ஃபேன் நின்னுச்சு. சூடு இல்ல."

எதை மாற்றுகிறாள் என்று அப்பாவுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டே, மாவிலையை எடுத்து மஞ்சள் சாமந்தி வைத்தாள். தென்னோலையை எடுத்து வெள்ளைச் சம்பங்கி. ஒவ்வொன்றும் திரையில் வந்து உட்காரச் சோம்பலாக நேரம் எடுத்துக்கொண்டது. ஆனால் எண் இறங்கவும் அதே சோம்பல்தான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. வெளியே மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. சிறிது நேரம் கழித்துத்தான் கீர்த்தி கவனித்தாள்: வண்டி குலுங்கவேயில்லை. பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் அப்பா சுற்றிப் போகிறார். அடுத்த தூணுக்குப் போனாள்.

சந்திரகிரி தாண்டும்போது எல்லாம் முடிந்து, நாற்பத்து மூன்றில் அணைத்து மூடினாள். பிழைத்தோம் என்று நினைத்தாள்.

மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்தது. மாடியில் கமிட்டி அறை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு டிவி. தலைவி சந்திரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஹரிபிரசாத் கையில் கீர்த்தி கொடுத்த வரைபடத்தாளை வைத்துக்கொண்டு நின்றார். கோவர்த்தனன் தன் பழைய போட்டோ ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக அவர் வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் அந்த ஆல்பமும் போகும்.

கீர்த்தி டிவி கேபிளை லேப்டாப்பில் செருகினாள்.

டிவியில் ஒன்றும் வரவில்லை. சிக்னல் இல்லை என்று நீல எழுத்துத்தான் மிதந்தது. எடுத்து மறுபடி செருகினாள். அதே நீல எழுத்து.

"ஏமைந்திம்மா? என்ன ஆச்சு?" என்றார் ஹரிபிரசாத். "பன்னெண்டரைக்கு வேறே பார்ட்டி வர்றாங்க."

டிவில மாட்டறப்ப மட்டும்... அண்ணன் சொல்லி முடிக்காத வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்தது. மீதியை அவளே யோசித்துப் பிடித்தாள். டிவிக்குப் போகும் துளை பெரிய கார்டோடு சேர்ந்தது. சின்னதில் ஓடும்வரை அது வெறும் துளைதான்.

"ரெண்டு நிமிஷம் சார். ஒரு செட்டிங் மாத்தணும்."

பெரியதுக்கு மாற்றினாள். ரீஸ்டார்ட். கறுத்த திரையில் வட்டம் ஒன்று சுற்றியது. ஹரிபிரசாத் மணி பார்த்தார். பெங்களூருக்கு எடுத்துவைத்த பெட்டி கீர்த்தியின் கண் முன்னால் வந்தது.

விசிறி உஸ்ஸென்று இரைந்தது. டிவியில் மண்டபத்து வாசல் விரிந்தது.

"அடடே" என்றார் சந்திரம்மா.

வாசலில் வாழை, சாமந்திச் சரம், உள்ளே போனால் இரண்டு பக்கமும் சம்பங்கித் தூண்கள். நடப்பதுபோலவே காட்சி நகர்ந்தது. சந்திரம்மாவுக்குக் குழந்தைபோல் ஆசை வந்துவிட்டது. "அம்மா, திரும்ப வாசலுக்குப் போ" என்றார். போனாள். "அந்தத் தூணுகிட்ட போ." போனாள். "மேலே எப்படி இருக்கும்?" அதையும் காட்டினாள். ஆசையாகக் கேட்கிறவரிடம் பேட்டரியைச் சொல்லி அவசரப்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை. முப்பத்தொன்று. இருபது. பதிமூன்று.

"இப்ப மேடை பாக்கலாம்மா" என்று கீர்த்தி மணவறையை நோக்கித் திருப்பினாள்.

ஒன்பதில் எல்லாம் இருண்டது. விளையாட்டில் தேய்ந்த பேட்டரி. ஒற்றை எண்ணுக்கு வந்துவிட்டால் அது சொல்லிக்கொண்டு போகாது. டிவியில் மறுபடியும் நீல எழுத்து.

மேடைதான் முக்கியம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் போட்டோ எடுப்பது மேடையைத்தான். கீர்த்தி பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "சார், சார்ஜர்..." என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கோவர்த்தனன் எழுந்து வந்தார். ஆல்பத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

"மீதிய நான் சொல்றேம்மா" என்றார் சந்திரம்மாவிடம்.

இருண்ட டிவியின் பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு தூண் தாண்டினா மேடை. ஆறு படி. படிக்கு ரெண்டு பக்கமும் பித்தளை உருளி, தண்ணியில அரளிப்பூ. மேடையில நாலு கால் மணவறை. காலுக்கு சம்பங்கி சுத்தி, நடுவுல ஒரு ஜாண் விட்டு ஒரு செவப்பு ரோஜாக் கட்டு. மேல கூரை இல்ல. சாமந்திச் சரமே கூரை. நூத்தியெட்டு சரம், நடுவுல தாழ்ந்து ஓரத்துல ஏறும், படுதா புடிச்ச மாதிரி. பின்னால உங்க பச்சைத் திரை, அதும் மேல வெள்ளைப் பூவுல சங்கு, சக்கரம். முகூர்த்த நேரத்துல ஐயருக்கு வெளிச்சம் கண்ணுல குத்தாம, லைட்டெல்லாம் தரையில இருந்து மேல பாக்கும். மேடைக்கு இடது பக்கம் ஊஞ்சல், வலது பக்கம் மேளக்காரங்களுக்கு மேடை..."

கீர்த்தி மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு சரம்கூடக் குறையவில்லை. கண்ணெடுத்தும் பார்க்காத மனிதர், அந்த ரோஜாக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஜாண் இடைவெளி விட்டதைக்கூடச் சொல்கிறார்.

ஹரிபிரசாத் தாளைப் பார்த்தார். "ஒன் மினிட். பேப்பர்ல ஊஞ்சல் வலது பக்கம் இருக்குதே? மேளம் இடது பக்கம். நீங்க உல்டாவா சொல்றீங்க."

கோவர்த்தனன் திகைத்துப்போய் மகளைப் பார்த்தார். முகத்தில் குழப்பம். அவர் பார்த்தது பார்த்ததுதானே?

வலது இடதாக, இடது வலதாக. கீர்த்திக்குப் பளிச்சென்று புரிந்தது. மேசையில் அவள். பின்னால் கட்டில். கட்டிலுக்கு எதிரே பீரோ. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. சாயந்திரம் சாயந்திரமாக அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது தூங்குவதற்கு அல்ல. லேப்டாப் திரையைக் கண்ணாடியில் பார்ப்பதற்கு.

"பேப்பர்தான் தப்பு சார்" என்றாள் கீர்த்தி. "நைனா சொல்றதுதான் சரி. ஊஞ்சல் இடது பக்கம்."

சந்திரம்மா இருண்ட டிவியைப் பார்த்தார். பிறகு அப்பாவையும் மகளையும் பார்த்தார்.

"கரண்டு போனாலும் இவங்க கல்யாணத்த நடத்திடுவாங்க, ஹரிபிரசாத். ஆவணியில இருந்து இவங்களே செய்யட்டும்" என்றார்.

இரண்டு பேரும் படியிறங்கி வந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கீர்த்திதான் கேட்டாள்.

"கண்ணாடில பாத்தியா நைனா?"

கோவர்த்தனன் சாவியைத் தேடுவதுபோல் நான்கு பாக்கெட்டையும் தடவினார். சாவி கையிலேயே இருந்தது.

"படுத்திருந்தேன். தானா தெரிஞ்சிது."

"நூத்தியெட்டு சரமும் தானா தெரிஞ்சிதா?"

"எண்ணிக்கினே படுத்தா தூக்கம் வரும்மே" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பெங்களூரு கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, வரலன்னு சொல்லிடு."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தெருவென்றும் பார்க்கவில்லை. அவர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தன் போனை எடுத்தார். மகனின் பெயரைத் தேடிப்பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தச் சின்ன கார்டு சொல்லலன்னா, வழியிலயே எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒரு வார்த்த சொல்லணும். ஆனா எடுக்கமாட்டான், இப்ப போன் லாக்கர்ல இருக்கும். பரவாயில்ல. ஷிஃப்ட் முடிஞ்சி பாக்கறப்ப, நைனா கூப்ட்டிருக்காருன்னு தெரியும். அது போதும் இன்னைக்கு" என்றார்.

எடுக்கமாட்டான் என்ற தைரியத்தில்தான் அவர் கூப்பிட்டார். மணி பன்னிரண்டே முக்கால்.

முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"நைனா?"

கோவர்த்தனன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். கீர்த்தி அப்பாவைப் பார்த்தாள். காலை ஒன்பது பத்துக்கு அவன் இரண்டாவது ரிங்கில் எடுத்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனவனின் கையில் அந்நேரத்துக்குப் போன் எப்படி வந்தது?

"நைனா, நீயா?" என்றான் யஸ்வந்த் மறுபடியும். அவன் குரலுக்குப் பின்னால், சித்தூர் போகும் பஸ் எட்டாவது பிளாட்பாரத்தில் நிற்பதாக ஒலிபெருக்கி தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே ஒலிபெருக்கிக் குரல், அதே நொடியில், தெருமுனைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் கேட்டது.